மரத்துக்குக் காயம் படக்கூடாது

போன மாதம் ஒரு சனிக்கிழமை. சுங்கைப்பட்டாணியில் அப்பா வீட்டு வாசலில் வேனின் பின்கதவைத் திறந்ததுமே ஈரத்துணி வாடை அடித்தது. மூன்று வாரமாகப் பூட்டிக் கிடந்த வண்டி. படுக்கைக்கு அடியில் கையை விட்டேன். பலகை சில்லென்று ஈரமாக இருந்தது. அலமாரியின் கீழ் விளிம்பு உப்பி, கறுப்புப் படர்ந்திருந்தது.

அம்மாவுக்கு முட்டி வலி. வெளியூர் போனால் மணிக்கொரு தரம் காலை நீட்டிப் படுக்க வேண்டும். அதற்காகத்தான் இரண்டு வருடத்துக்கு முன் பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டில், அலமாரி, சின்னச் சமையல் மேடை எல்லாம் ரப்பர் மரத்தில் செய்ய வைத்தேன். மறுவாரம் யான் பக்கம் தீத்தி ஹயுன் போவதாகப் பேச்சு. அம்மா துணிகூட மடித்து வைத்துவிட்டார்.

“எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுட்டு பிளாஸ்டிக் பலகை அடிச்சிடலாம்ப்பா” என்றேன். அதற்கு என் ஒரு மாதச் சம்பளம் போகும். அப்பா பதில் சொல்லவில்லை. குனிந்து, விரல் முட்டியால் பலகையைத் தட்டிக்கொண்டே போனார்.

“இங்க வரைக்கும்தான் தண்ணி குடிச்சிருக்கு. மிச்சம் நல்ல மரம்யா. மொதல்ல தண்ணி எங்கேருந்து வந்துச்சுன்னு பாரு.”

கூரையில் காற்றுக்காக வைத்த சின்னச் சன்னலைச் சுற்றிப் பூசிய பசை, வெயிலில் வறண்டு மயிரிழை அளவு வெடித்திருந்தது. மழைநீர் அதில் இறங்கி, தகரச் சுவரின் உள்பக்கமாக ஓடி, அலமாரியின் அடிவிளிம்பில் தேங்கியிருக்கிறது. பலகையின் முகத்துக்கெல்லாம் வார்னிஷ் பளபளக்கிறது. அறுத்த விளிம்புக்கு மட்டும் ஒரு பூச்சும் இல்லை. மரம் தண்ணீரை அதிகம் உறிஞ்சுவதே அந்த அறுத்த விளிம்பு வழியாகத்தான்.

அப்பா பீடோங் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். அவர் காலத்தில் இந்த மரக்கட்டைக்கு மதிப்பில்லை. வயதான மரங்களைச் சாய்த்தால் அடுப்புக்கும், ரப்பர் ஷீட்டைப் புகை போடும் கொட்டகைக்கும்தான் போகும். அதற்குக் காரணமும் உண்டு. இந்த மரத்தில் மாவுச்சத்து அதிகம். அறுத்து அப்படியே போட்டால் சில நாளிலேயே பூஞ்சணம் பிடித்து நீலமாகும், பூச்சி துளைக்கும். அறுத்த உடனே போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் காய வைக்கும் முறை பரவிய பிறகுதான் அது மேசை நாற்காலியாகக் கப்பலேறியது. இன்று 25, 30 வருடம் பால் கொடுத்து ஓய்ந்த மரம் வீட்டுக்குள் வருகிறது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் போரான் தண்ணீரில் கரையக்கூடியது. பலகை திரும்பத் திரும்ப நனைந்தால் அதன் பாதுகாப்பும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகும். அதனால்தான் கேம்பர்வேனுக்குள் இருக்கும் ரப்பர் மரத்தை வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவவே கூடாது. பிழிந்த துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

மரை ஆணிகளைக் கழற்றி, நனைந்த பலகைகளை நிழலில் நிறுத்தி வைத்து மின்விசிறியைப் போட்டோம். வெயிலில் போட்டால் ஒரு பக்கம் மட்டும் சீக்கிரம் காய்ந்து வளைந்துவிடும். நான்கு நாள் கழித்து, முகமூடி போட்டுக்கொண்டு, பூஞ்சணத்தை வினிகர் நனைத்த துணியால் துடைத்தோம். ஒட்டுப்பலகையில் ஏடு பிரிந்த இடத்தில் இரண்டு அங்குலத்தை மட்டும் அறுத்துவிட்டுப் புதுச் சட்டம் வைத்தோம். ஆணிக்கு முன்பே துளை போட்டுக்கொண்டோம். இல்லாவிட்டால் விளிம்போரத்தில் பிளந்துவிடும்.

உப்புத்தாள் தேய்ப்பது அப்பாவின் வேலை. தேய்க்கிறாரா தடவுகிறாரா என்று தெரியாத அளவுக்கு மெதுவாகச் செய்தார். “அழுத்தித் தேய்ங்கப்பா” என்றேன்.

“முப்பது வருசம் பட்டையை மட்டும் சீவுன கை. உளி மரத்துல பட்டா காயம். காயம் பட்டா அந்த எடத்துல பட்டை சரியா வளராது, கங்காணி ஏசுவாரு. மரத்தத் தொடாம வெட்டுறவன்தான் வேலைக்காரன். இப்ப நீ மரத்தையே தேய்க்கச் சொல்ற.”

அதற்கு மேல் நான் அவரை அவசரப்படுத்தவில்லை.

வார்னிஷ் மூன்று மெல்லிய பூச்சு. முதலில் விளிம்புகள், துளைகளின் உள்புறம், பலகையின் பின்பக்கம். கடைசியில்தான் கண்ணுக்குத் தெரியும் முகம். எண்ணெய்ப் பூச்சு பிடிக்கும் என்பவர்கள் ஒன்றை மறக்காதீர்கள். ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி வண்டிக்குள் போட்டால், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். விரித்து வெளியே காயப் போடுங்கள்.

கூரைப் பசையைச் சுரண்டி எடுத்துப் புதிதாகப் பூசினோம். இப்போது சில பழக்கங்கள் வைத்திருக்கிறேன். வண்டியில் தூங்கும்போது சன்னலைக் கொஞ்சம் திறந்து வைப்பேன், மூச்சின் ஈரமே தகரத்தில் வேர்த்து மரத்தில் இறங்கும். நிறுத்தி வைத்த வண்டியை வாரம் ஒருமுறை திறந்து காற்றாட விடுவேன். நீண்ட பயணம் முடிந்தால் ஆணிகளை முடுக்குவேன். ஊசித் துளையும் அதன் கீழே மாவு மாதிரித் தூளும் தெரிந்தால் பூச்சி வந்துவிட்டது என்று அர்த்தம், அந்தப் பலகையை உடனே பிரித்து எடுக்க வேண்டும். பூச்சு வேலையைக் கெடாவில் மழை குறைந்த ஜனவரி, பிப்ரவரிக்கு வைத்துக்கொண்டால் நன்றாகக் காயும்.

தீத்தி ஹயுனுக்கு இரண்டு வாரம் தாமதமாகத்தான் போனோம். கறுப்புக் கறை முழுசாகப் போகவில்லை. அம்மா அதன் பக்கத்திலேயே தலை வைத்து நிம்மதியாகத் தூங்கினார். அப்பா மட்டும் இறங்கும்போதெல்லாம் அலமாரிக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தார்.

உங்களிடமும் இப்படி ஒரு வண்டி இருந்தால், அடுத்த மழைக்கு மறுநாள் நீங்களும் கையை விட்டுப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் முன்பே கைக்குத் தெரிந்துவிடும்.