பதிவேட்டில் இடம்பெறாதவர்கள்

ஓர் ஊருக்கு எத்தகைய மருத்துவ வசதி தேவை என்று கணிக்க முற்படும்போது, மருத்துவமனைகள் முதலில் புரட்டுவது வெளிநோயாளர் பதிவேட்டையே. எத்தனை பேர் வந்தனர், எந்த நோய்க்கு வந்தனர் என்பதை அது சரியாகச் சொல்லும். வராதவர்களைப் பற்றி அது எதுவும் சொல்லாது. தேவாரத்தைப் பொறுத்தவரை அந்த விடுபடல் சிறியதன்று என்பது எங்கள் கருத்து.

கிழக்கு வெளுக்கும் முன்பே தேவாரத்திலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் ஜீப்புகள் கேரள எல்லைக்கு அப்பாலுள்ள ஏலத்தோட்டங்களுக்குப் புறப்பட்டுவிடுகின்றன. உடும்பன்சோலைப் பக்கம் செல்ல நேர்வழி சாக்குலூத்து மெட்டுதான். ஆயினும் அங்கு வாகனப் பாதை நெடுங்காலக் கோரிக்கையாகவே இருந்துவந்ததால், கம்பம் மெட்டு அல்லது போடி மெட்டு வழியாகச் சுற்றிச் செல்வதே வழக்கமாயிற்று. அவர்கள் ஊர் திரும்பும்போது பொழுது சாய்ந்திருக்கும். வெளிநோயாளர் பிரிவும் முடிந்திருக்கும். பகலில் வீடு வீடாகச் சென்று கணக்கெடுப்போர் காண்பது பெரும்பாலும் முதியோரையும் சிறுவரையுமே. மூட்டுவலியும் கண்புரையுமே இவ்வூரின் தலையாய நோய்கள் என்று அக்கணக்கு முடிவு செய்தால் வியப்பதற்கில்லை.

உழைக்கும் வயதினரின் நோய்கள் வேறு. இரத்த அழுத்தம் பெரும்பாலும் அறிகுறி காட்டாது. மாத்திரை தீர்ந்த அன்று மருத்துவமனைக்கு வந்தால் ஒருநாள் கூலி போய்விடும்; ஆகவே அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகின்றனர். ஏலச்செடிக்கு அடிக்கடி பூச்சிமருந்து தெளிக்க வேண்டியிருக்கிறது. தெளித்த அன்று மாலை தலைவலி, தலைச்சுற்றல், மிகுந்த வியர்வை, வாயில் உமிழ்நீர் ஊறுதல், கண் மங்கல் ஆகியவை தோன்றினால் அதை மலைக்குளிர் என்றும் உடல் அலுப்பு என்றும் எண்ணி உறங்கிவிடுகிறார்கள். சிலவகைப் பூச்சிமருந்துகள் மூச்சின் வழியே மட்டுமன்றித் தோலின் வழியாகவும் உடலில் சேரும். தெளிப்பு வேலைக்கு உடுத்திய துணியைக் குழந்தைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்கலாகாது. இத்தகைய அறிகுறி கண்டால் உறங்கி எழும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். மருந்தின் பெயர் தெரிந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

பெண்களின் துன்பம் இன்னும் மறைவானது. கழிப்பிடம் இல்லாத தோட்டத்தில் பகல் முழுதும் காய் பறிக்கும் பெண், தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறாள். சிறுநீர்த் தொற்று மீண்டும் மீண்டும் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். ‘உங்களுக்கு என்ன நோய்?’ என்று கேட்டால் இது வெளிவராது. ‘மலையில் எத்தனை முறை தண்ணீர் குடிப்பீர்கள்?’ என்று கேட்டால் வெளிவரும்.

கேள்வியை மாற்றிக் கேட்டதன் பயனைத் தருமபுரி மாவட்டத்துச் சித்திலிங்கி காட்டுகிறது. நம் பக்கத்துக் காந்திகிராமத்தில் முன்னர்ப் பணியாற்றிய மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜ், லலிதா தம்பதியர், 1993இல் அங்குள்ள பழங்குடி மக்களுக்காகச் சிகிச்சைப் பணியைத் தொடங்கினர். ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்து, இன்னும் என்ன தேவை என்று ஊர் ஊராகச் சென்று கேட்டனர். மக்கள் மருந்தைக் கேட்கவில்லை. வேளாண்மை கட்டுப்படியாகவில்லை என்றனர். இயற்கை வேளாண்மைச் சங்கம் அதிலிருந்தே பிறந்தது. மருத்துவர்கள் எதிர்பாராத விடையையும் செவிமடுத்தனர் என்பதே இதில் நாங்கள் மதிப்பது.

2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், இரத்த அழுத்த, சர்க்கரை நோய் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. நல்ல திட்டம். ஆனால் அந்த வாசல் எந்நேரத்தில் திறந்திருக்கும் என்பதை ஊரார்தாம் சொல்ல வேண்டும். தேவாரத்தில் தேவை அறியும் பணி அந்திப்பொழுதில், ஜீப்புகள் வந்து நிற்கும் இடத்தில் தொடங்க வேண்டும் என்று நாங்கள் வலியுறுத்துகிறோம். கங்காணிகளையும் ஓட்டுநர்களையும் கேட்கலாம். அவர்கள் அருகில் இல்லாதபோது பெண்களைத் தனியே கேட்பது இன்றியமையாதது. கழிப்பிடமோ சாலையோதான் வேண்டும் என்று மக்கள் சொன்னால், அது மருத்துவத்துக்குப் புறம்பானது என்று ஒதுக்கலாகாது.

இவ்விதழைப் படிக்கும் குடும்பங்களில் மலைவேலைக்குச் செல்வோர் இருப்பின், அடுத்த முறை வரும்போது வெளிநோயாளர் சீட்டின் பின்புறம் நான்கு செய்திகளை எழுதித் தாருங்கள்: அவர் புறப்படும் நேரம், திரும்பும் நேரம், செய்யும் வேலை, கடைசியாக மாத்திரை வாங்கிய நாள். தோட்டத்தின் பெயரோ முதலாளியின் பெயரோ வேண்டியதில்லை. எழுத இயலாதவர்கள் செவிலியரிடம் வாய்மொழியாகச் சொன்னாலும் போதும்.