ரயில் நேரத்துக்கு வந்ததாம்!

"எமர்ஜென்ஸியில ரயில் கரெக்டா ஓடுச்சு, ஆபீஸ்ல லஞ்சம் இல்ல" என்று இன்றும் சிலாகிக்கிற பெரிசுகள் உண்டு. வரவை மட்டும் எழுதிச் செலவை மறைத்தால் அதற்குப் பேர் பொய்க்கணக்கு.

செலவு இதோ. 1975 ஜூன் 25 இரவு இந்திரா காந்தி கொண்டுவந்த நெருக்கடி நிலை. 1976 ஜனவரி 31ல் தி.மு.க. ஆட்சி கலைப்பு. அடுத்து மிசா கைதுகள். சென்னை மத்திய சிறையில் கைதிகளுக்கு அடி, உதை. அதில் அடிபட்ட முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977 ஜனவரியில் செத்தே போனார். அடித்தது உண்மைதான் என்று பிறகு நீதிபதி இஸ்மாயில் கமிஷன் சொன்னது.

கோர்ட்டுக்குப் போகலாமே என்கிறீர்களா? ஆட்கொணர்வு மனுவே செல்லாது என்று 1976 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் கையை விரித்தது. ஐந்து நீதிபதிகளில் மறுத்தவர் எச்.ஆர்.கன்னா ஒருவர்தான். அவருக்கு வரவேண்டிய தலைமை நீதிபதி பதவி ஜூனியருக்குப் போனது.

தோணிரேவில் வலை பின்னிக்கொண்டிருந்தவருக்கு, அறுபது கிலோமீட்டர் தள்ளி ஜெயிலில் விழுந்த அடி எப்படித் தெரியும்? பேப்பரில்தான் சென்சார் ஆயிற்றே! 1977 மார்ச்சில் வடக்கே இந்திரா மண்ணைக் கவ்வினார். தமிழ்நாடோ அவர் கூட்டணிக்கே பெருவாரியான தொகுதிகளைக் கொடுத்தது.

பெரிசுகள் பார்த்தது சென்சார் விட்டுவைத்ததை மட்டும்தான். ரயில் வந்த நேரம் அவர்களுக்கு ஞாபகமிருக்கிறது. லாக்கப்புக்குப் போனவன் எப்போது திரும்பினான் என்று கேட்டுப் பாருங்கள்.