தகடு பூட்டினால் பசுமை வீடா?

கூரையில் சோலார் தகடு பூட்டிவிட்டால் அது பசுமை வீடு என்ற நம்பிக்கை பதுளைப் பக்கமும் வேரூன்றிவிட்டது. தேயிலைத் தோட்டத்து மக்களின் வீட்டுக் கதை பேசும்போதும் இப்போது இதைத்தான் தீர்வு என்கிறார்கள். இதை என்னால் ஏற்க முடியாது.

அவர்கள் குடியிருக்கும் இரட்டை லயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே முகட்டின் கீழ் முதுகோடு முதுகாக இரண்டு வரிசைக் காம்பராக்கள். கிழக்கு வரிசைக்குக் காலை வெயில் கிடைக்கும். மேற்கு வரிசைக்கு அது ஒருநாளும் இல்லை. நடுச்சுவரில் யன்னல் வைக்க வழியில்லாததால் காற்று குறுக்கே ஓடாது. அடுப்புப் புகை உள்ளேயே சுற்றும், மழை மாதங்களில் சுவரில் ஓதம் ஏறும். அந்தக் கூரையில் தகடு பூட்டினால் கரண்ட் பில் குறையலாம். ஓதம் குறையுமா? வேலைக்கு ஆளெடுக்கும் பெரட்டுக்கு விடியவே போய், கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்பும் அம்மாவுக்கு வேண்டியது காய்ந்த சுவர்.

இதே மலையில் தேயிலைத் தொழிற்சாலைகளைப் பாருங்கள். கொழுந்து வாட்டும் மேல்மாடிகளுக்கு வரிசை வரிசையாக யன்னல்கள். இலைக்குக் காற்று வேண்டும் என்று கணக்குப் பார்த்துக் கட்டியவர்கள், அதைப் பறித்தவளுக்கு ஒரு கதவோடு நிறுத்திக்கொண்டார்கள். அறிவு இருந்தது, அது லயத்துக்கு வரவில்லை.

ஊவாவில் மார்கழி நண்பகல் வெயில் தெற்கே சாய்ந்து, ஏறத்தாழ 60 பாகை உயரத்தில் நிற்கும். மழையும் குளிர்காற்றும் வருவது வடகிழக்கிலிருந்து. ஆகவே தெற்கே அகன்ற யன்னல், வடகிழக்கே நீண்ட இறவாரம், அடுப்புக்குப் புகைபோக்கி. இதற்குப் பெரிய செலவில்லை.

அதற்கும் முன்னால் நிலம். கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு அபாயம் இருப்பதாக 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். 2014 ஒக்டோபர் 29இல் மலை சரிந்து லயங்களை மூடியது. பிழையான இடத்தில் நிற்கும் வீட்டுக்கு எந்தத் தகடும் காவல் இல்லை.

இந்திய உதவியில் 7 பேர்ச்சஸ் நிலத்தில் எழுந்த 550 சதுர அடி வீடுகள் லயத்தைவிட எவ்வளவோ மேல். ஆனால் எல்லாச் சரிவிலும் ஒரே வரைபடத்தை, பாதைக்கு முகம் காட்டி நட்டால் பழைய ஓதம் புதுச் சுவரிலும் ஏறும். 1950களில் கண்டி வட்டபுலுவவில் கட்டடக்கலைஞர் மினெட் டி சில்வா, குடியேறப் போகிறவர்களிடமே கேட்டு வீடுகளை வரைந்தார். மார்கழி வெயில் எந்தப் பக்கம் விழும் என்பது லயத்து வாசலில் துணி காயப்போடும் அக்காவுக்குத் தெரியும். நூல் பிடிக்கும் முன் அவரிடம் கேளுங்கள்.