நிறத்தைப் பார்த்தார்கள், பிரேக்கைப் பார்த்தார்களா?

நம் வீட்டுக் கொட்டகையில் ஓர் அம்பாசடர் கார் நிற்கிறது. 1974-ஆம் ஆண்டில் மர்ஹூம் நம் தந்தையார் வாங்கியது. மார்க் 2 வகையைச் சேர்ந்தது. அது முதன்முதலாக வாசலுக்கு வந்தபோது நமக்கு ஐந்து வயது. ஊரில் பிரசவ வலி கண்ட பெண்கள் அதில்தான் மருத்துவமனைக்குப் போனார்கள். மணமகன்கள் அதில்தான் பள்ளிவாசலுக்கு வந்து இறங்கினார்கள். கடற்காற்றின் உப்பு தகரத்தை அரிக்கும் ஊர் நம்முடையது. அப்படியிருந்தும் ஐம்பது ஆண்டுகள் அந்த வண்டி ஓடியது. ஆகவே நாம் எழுதப் போவது கேள்விப்பட்ட செய்தியன்று, வீட்டுக்குள் நடந்தது. அதில் நம் வீட்டாரின் பிழையும் உண்டு. அதை மறைத்துவிட்டு அரசாங்கத்தை மட்டும் குறை கூற நம் மனம் இடம் தரவில்லை.

வண்டி நம் தம்பி மகன் கைக்குப் போனது. இளைஞன், ஆர்வமுள்ளவன். அந்த ஆர்வத்தை நாம் குறை சொல்லமாட்டோம். பழம்பொருளைக் காயலான் கடைக்குத் தள்ளாமல் காப்பாற்ற நினைத்தானே, அதுவே பெரிது. ஆனால் காப்பாற்றும் வேலையை அவன் ஒப்படைத்த பட்டறை எது தெரியுமா? பெயிண்ட் பளபளத்தால் வண்டி புதுப்பிக்கப்பட்டதாகக் கருதும் பட்டறை! வெள்ளை வண்டி இளநீலமும் வெள்ளையுமாக இரு நிறம் பெற்றது. துருப்பிடித்த இடங்களில் தகரத்தை வெட்டி ஒட்டுவதற்குப் பதிலாகப் பட்டியை அப்பித் தேய்த்தார்கள். வண்டி தாழ்வாகத் தெரியவேண்டும் என்பதற்காகப் பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டைகளில் இரண்டைக் கழற்றி எறிந்தார்கள். அகலமான டயர்களைப் பூட்டினார்கள். டயர் உள்ளே அடங்கவில்லை. டயரை மாற்றினார்களா? இல்லை, சக்கரத்தின் மேல்வளைவை அறுத்தார்கள்!

அம்பாசடர் என்பது லாரியைப் போலத் தனிச் சட்டத்தின்மேல் கூடு வைத்துக் கட்டிய வண்டியன்று. கூடுதான் அதன் எலும்பு. சென்னையில் உருவான ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்குக் கீழே தனியாக ஒரு சட்டம் உண்டு. அதன் கூட்டைக் கழற்றித் தனியே வைக்கலாம். அம்பாசடரின் பின்வளைவை அறுப்பதோ வீட்டின் சுமைச் சுவரில் சன்னல் திறப்பதற்கு ஒப்பானது. இதை நாம் எடுத்துச் சொன்னபோது, "பெரியத்தா, இப்ப எல்லாரும் இப்படித்தான் செய்றாங்க" என்றான் பிள்ளை. எல்லோரும் செய்வது எப்படிச் சான்றாகும் என்று மதரஸாவில் நாம் மாணவர்களைக் கேட்பதுண்டு. வீட்டில் அதைக் கேட்கும் துணிவு நமக்கு அன்று வரவில்லை.

2024-இல் பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. சொந்த உபயோகக் காருக்கு முதற்பதிவு பதினைந்து ஆண்டுகள் செல்லும். பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்கவேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாக உயர்ந்திருந்தது. உயர்ந்தால் உயரட்டும், அந்தப் பணத்துக்கு வண்டியை உண்மையாகவே சோதிப்பார்கள் அல்லவா என்று நாம் எண்ணினோம். இருபத்தைந்தாம் படிவத்தை நிரப்பிக்கொண்டு வண்டியுடன் போனோம்.

முதல்நாள் வண்டி திரும்பி வந்தது. பதிவுச் சான்றில் வெள்ளை என்று இருக்கிறது, வண்டியிலோ நீலம் இருக்கிறது என்றார்கள். சரி, நியாயம்தான். மீண்டும் பெயிண்ட் அடித்து, மறுபடி நாள் பெற்றுச் சென்றோம். இரண்டாம் முறையும் திரும்பி வந்தது. சேஸிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுக்க இயலவில்லையாம். எண்ணின்மேல் பட்டியும் பெயிண்டும் ஏறிக்கிடந்தன. அதுவும் நியாயமே. திருட்டு வண்டியா என்று பார்க்கவேண்டாமா? பட்டியைச் சுரண்டிவிட்டு மூன்றாம் முறை போனோம். இருபது அடி முன்னால் ஓட்டி நிறுத்தச் சொன்னார்கள். ஹாரன் அடிக்கச் சொன்னார்கள். விளக்கைப் போடச் சொன்னார்கள். வண்டி தேறிவிட்டது. மூன்று நாட்களிலும் ஒருவரேனும் குனிந்து வண்டிக்குக் கீழே பார்க்கவில்லை.

வெட்கத்தோடு ஒன்றை எழுதுகிறோம். அந்த மூன்று நாட்களும் வண்டியில் இருந்தவை பழைய குறுகிய சக்கரங்கள். அலுவலகத்துக்குப் போகுமுன் பட்டறையில் மாற்றிக்கொண்டு போனார்கள். தேறிய அன்று மாலையே அகலச் சக்கரங்கள் திரும்ப ஏறிவிட்டன. சோதனைக்கு ஒரு சக்கரம், சாலைக்கு ஒரு சக்கரம்! நாம் இதை அறிந்தே இருந்தோம். அறிந்தும் வாய் திறக்கவில்லை.

மூன்று வாரங்கள் கழித்து நம் தங்கை மகளின் நிக்காஹ் நடந்தது. விருந்து முடிந்து திரும்புகையில் தம்பி மகன் ஓட்டினான். பின்னிருக்கையில் நம் மனைவியும் தங்கையும் இரண்டு சிறுமிகளும் இருந்தார்கள். ரயில்வே கேட் மூடியிருந்தது. முன்னால் வண்டிகள் நின்றன. பிரேக்கை மிதித்தான். மிதி தரைவரை இறங்கியது; வண்டி நிற்கவில்லை. கை பிரேக்கை இழுத்து, சாலையோர மணலில் இறக்கி, ஒரு புளியமரத்துக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தினான். அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் காயமில்லை. மறுநாள் பார்த்தபோது காரணம் கண்முன்னே தெரிந்தது. ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பும்போதெல்லாம் முன்சக்கரத்தின் அகல டயர், பிரேக் எண்ணெய் செல்லும் ரப்பர் குழாயில் உராய்ந்திருக்கிறது. உராய்ந்து உராய்ந்து அன்றிரவு குழாய் வெடித்துவிட்டது. அந்தக் காலத்து வண்டியில் நான்கு சக்கரங்களுக்கும் எண்ணெய் ஒரே சுற்றில்தான் செல்லும். ஓரிடத்தில் ஒழுகினால் நான்கும் போயிற்று. சோதனை நடந்த நாட்களிலேயே அந்தக் குழாயில் தேய்ந்த தழும்பு இருந்திருக்க வேண்டும். ஒரு டார்ச் விளக்கும், குனிய மனமுள்ள ஓர் ஆளும் இருந்திருந்தால் போதும்.

உணவு தானியக் குவியலொன்றின் அருகே சென்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதற்குள் கையை நுழைத்து, அடியிலிருந்த ஈரத்தைக் கண்டுகொண்ட நிகழ்ச்சி நம் பிள்ளைகள் அறிந்ததுதான். மேலே உலர்ந்த மணிகள், அடியில் ஈரம். நம் வண்டியும் அப்படித்தான் இருந்தது. மேலே பெயிண்ட், அடியில் தேய்ந்த குழாய். அந்தக் குவியலை விற்க வைத்தவனுக்கும் நம் பட்டறைக்காரனுக்கும் என்ன வேறுபாடு? சோதிப்போரை நாம் கேட்பது வேறொன்று: கையை உள்ளே விடாமல் குவியலை எப்படி அறிவீர்கள்? அங்காடிக் கண்காணிப்பாளரான முஹ்தஸிபின் கடமைகளை எழுதிய இமாம் மாவர்தீ (இறப்பு 1058), தாங்காத பாரம் ஏற்றும் கப்பல்காரர்களைத் தடுப்பதையும் அவற்றில் சேர்த்திருக்கிறார். கப்பலின் நிறத்தைப் பற்றி அவர் கவலைப்பட்டதாக நாம் படித்ததில்லை.

பழைய வண்டியில் எந்த மாற்றமும் கூடாது என்று நாம் வாதிடுவதாக எவரும் எண்ணவேண்டாம். பழைய டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் வைப்பது நன்மை. முன்னிருக்கைக்கு உறுதியான இடத்தில் இடைவார் பூட்டுவது நன்மை. ஒற்றைச் சுற்றுப் பிரேக்கை இரட்டைச் சுற்றாக்கி, முன்சக்கரங்களில் டிரம்முக்குப் பதில் டிஸ்க் பிரேக்கை முறைப்படி பொருத்துவது பெரும் நன்மை. ஆனால் எந்தப் பட்டறையில் போய் இதைக் கேட்டாலும் ஆர்வம் காட்டுவோர் இல்லை. பிரேக் வெளியே தெரியாதே! ஒரு காலத்தில் டீசல் மலிவு என்பதற்காகப் பெட்ரோல் அம்பாசடர்களில் கிடைத்த டீசல் எஞ்சினையெல்லாம் தூக்கி வைத்தார்கள். கனத்த எஞ்சின் ஏறியது. அதை நிறுத்தவேண்டிய டிரம் பிரேக் அப்படியே இருந்தது. மலையிறக்கத்தில் டிரம் சூடேறிப் பிடிப்பை இழக்கும் என்பதை ஏற்காட்டிலோ கொடைக்கானலிலோ வண்டி ஓட்டிய எந்த முதியவரும் சொல்வார். இன்று எஞ்சினுக்குப் பதிலாக டயரும் விளக்கும். கண்ணைப் பறிக்கும் பல்புகளை ஐம்பது வயதுக் கம்பிகளில் மாட்டுகிறார்கள். கம்பி உருகினால் விதியைப் பழிக்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுதல் ஆகாது. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் இதை உறுதி செய்தது. நல்லது. எது மாற்றம் என்பதற்கு அதே பிரிவு தரும் விளக்கம் யாது? வண்டியின் அடிப்படைத் தன்மையை மாற்றும் கட்டமைப்பு மாற்றம் என்பது. அடிப்படைத் தன்மை எது என்பதை யார் வரையறுப்பது? கூட்டை அறுத்தது அடிப்படை மாற்றம் என்றே நாம் கருதுகிறோம். அது மூன்று முறை கண்முன் நின்றும் கேட்பாரில்லை. நல்ல பிரேக் வைத்தவனோ, அதைச் சொன்னால் வண்டியை நிறுத்திவிடுவார்களோ என்று அஞ்சி மறைக்கிறான். நேர்மையாளனை ஒளியச் செய்து, ஏமாற்றுவோனை வெளிச்சத்தில் நடக்கவிடும் சோதனையை என்னென்பது?

பிறநாட்டாரைப் புகழ்வது நம் பழக்கமன்று. ஆயினும் கற்கவேண்டியதைக் கற்கத் தயங்குவானேன்? பிரிட்டனில் 1960-இல் பத்தாண்டு கடந்த வண்டிகளுக்குக் கட்டாயச் சோதனை தொடங்கியபோது பிரேக், ஸ்டியரிங், விளக்கு ஆகிய மூன்றையே முதலில் எடுத்துக்கொண்டார்கள். நிறத்திலிருந்து தொடங்கவில்லை. தேறாத வண்டிக்கு இன்னின்ன குறை என்று எழுதிக் கொடுப்பதும் அங்கே வழக்கம். ஜெர்மனியில் முப்பது ஆண்டு கடந்த பழமை வண்டிகளுக்கு 1997 முதல் தனி எண்பலகை தருகிறார்கள். அந்த வண்டியின் காலத்திலேயே வழக்கிலிருந்த மாற்றங்களை ஏற்கிறார்கள். அங்கே மாற்றம் செய்தவன் வண்டியை நிபுணரிடம் காட்டி, அவர் ஒப்பினால் அதை ஆவணத்தில் பதிந்துகொள்ளலாம். ஒளியத் தேவையில்லை.

நம் அரசாங்கமும் 2021 ஜூலையில் பழமை வாகனங்களுக்கென விதிகள் வகுத்தது. ஐம்பது ஆண்டு நிறைந்து, மூல உருவம் கெடாத வண்டிக்குத் தனி வரிசை எண் கிடைக்கும். முதற்பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்கு ஓட்டலாம். அன்றாட உபயோகத்துக்கு ஓட்டலாகாது. நம் வண்டிக்கு 2024-இல் ஐம்பது நிறைந்தது. தகுதி உண்டா? கூடு அறுபட்டிருக்கிறதே! தந்தையார் ஐம்பதாண்டு காத்துத் தந்த தகுதியை ஒரு பட்டறை ஒரு பிற்பகலில் அறுத்தெறிந்துவிட்டது. இந்த ஒன்றுக்காகத்தான் நம் கோபம் இன்னும் அடங்கவில்லை.

ஆய்வாளர்களுக்கு வேலைப்பளு அதிகம், ஒரு வண்டிக்குச் சில நிமிடங்களே கிடைக்கின்றன என்பர். உண்மை, மறுக்கவில்லை. இயந்திரச் சோதனை நிலையங்கள் வந்தால் எல்லாம் சரியாகும் என்பாரும் உளர். 2021 செப்டம்பரில் அவற்றுக்கான விதிகள் வெளியாயின. உருளைகளின்மேல் சக்கரத்தை நிறுத்திப் பிரேக்கின் வலிமையை அளக்கும் கருவி நல்ல கருவியே. ஆயினும் பாதி தேய்ந்த குழாய் அன்றைக்கு எண்ணெயைத் தாங்கிக்கொண்டால், கருவி முழு மதிப்பெண் போட்டுவிடும். குழாயைக் கண் பார்க்கவேண்டும். அதற்குப் பள்ளமோ, வண்டியைத் தூக்கும் மேடையோ வேண்டும். ஓர் அலுவலகத்தில் ஒரு பள்ளம் தோண்ட எத்தனை ரூபாய் ஆகும்? நம்மிடம் வாங்கிய 5,000 ரூபாய்களில் சிலவற்றைச் சேர்த்தால் தோண்டிவிடலாமே! குறைகளை எழுதித்தர ஒரு தாளும், ஒரே நாளில் எல்லாக் குறையையும் சொல்லும் ஒழுங்கும் இருந்தால், முதல் நாள் நிறம், இரண்டாம் நாள் எண் என்று உடைமையாளன் அலைவதும் நிற்கும். அலைச்சலால் சலித்தவனைத்தானே இடைத்தரகன் வாசலில் காத்திருந்து பிடிக்கிறான்?

பட்டறைக்காரரிடம் நாம் நேரில் போய்க் கேட்டோம். "ஹஜ்ரத், பையன் கேட்டதைச் செய்தேன்" என்றார். பையனைக் கேட்டால், "தேறிடுச்சே பெரியத்தா" என்கிறான். அலுவலகத்தைக் கேட்டால் தாள் சரியாக இருக்கிறது என்பார்கள். நம்மைக் கேட்டால் நாம் என்ன சொல்வது? சக்கரம் மாற்றியதை அறிந்திருந்தோமே!

குழாயை மாற்றி, பழைய சக்கரங்களையே நிரந்தரமாகப் பூட்டி, ஸ்பிரிங் பட்டைகளைத் திரும்பச் சேர்த்தாயிற்று. அறுத்த வளைவுகளுக்குப் புதுத் தகரம் வெட்டிப் பற்றவைக்கத் தெரிந்த டிங்கர் ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம். சென்ற மாதம் வண்டியை விலைக்குக் கேட்டு வெளியூரிலிருந்து ஒருவர் வந்தார். வண்ணத்தைப் பார்த்து மகிழ்ந்தார். நல்ல விலையும் சொன்னார். நாம் அவரைப் பின்சக்கரத்தருகே அழைத்துச் சென்று, மட்காடின் உட்புறத்தில் கையை விட்டுப் பார்க்கச் சொன்னோம். பார்த்தார். தேநீர் அருந்திவிட்டு, ஸலாம் கூறி விடைபெற்றார். வண்டி கொட்டகையிலேயே நிற்கிறது.