துருவுக்கு என்ன விலை?

மும்பையின் கடைசி பிரீமியர் பத்மினி டாக்ஸி, 2023 அக்டோபரில் தன் 20 ஆண்டு வயது வரம்பை எட்டி விடைபெற்றது. நாளிதழ்கள் உருகி எழுதின. அந்த உருக்கத்துக்கும் ஒரு விலை உண்டு என்பதை, இன்று பழைய பத்மினி ஒன்றை விலை கேட்பவர் உடனே உணர்வார். டயர்கள் மண்ணில் புதைந்து, இருக்கைக்குள் எலி குடும்பம் நடத்தும் வண்டிக்கும் லட்சங்களில் விலை சொல்லப்படுகிறது. ‘சின்ன வேலைதான் பாக்கி’ என்ற உறுதிமொழி மட்டும் இலவசம்.

விற்பவருடையது பேராசை என்பதைவிடக் கணக்குப் பிழை என்றே நான் கருதுகிறேன். கண்காட்சியில் பளபளக்கும் வண்டியின் விலையைக் கேள்விப்படுகிறார். தம் கொட்டகையில் கிடப்பதும் அதே மாடல்தானே என்று எண்ணுகிறார். இடையிலுள்ள பட்டறைச் செலவைக் கழிக்க மறந்துவிடுகிறார். ஒரு பேச்சுக்கு, செப்பனிட்ட வண்டி 6 லட்சத்துக்கு விலைபோகும், வேலைக்கு 5 லட்சம் ஆகும் என்று கொள்வோம். முடங்கிக் கிடக்கும் வண்டியின் மதிப்பு 1 லட்சத்தைத் தாண்டாது. பட்டறையில் கழியும் காலத்துக்கான வட்டியைக் கழித்தால் அதுவும் தேயும். அதற்கு 3 லட்சம் கேட்பவர், வாங்குபவர் இனிமேல் சிந்தப்போகும் வியர்வைக்கும் சேர்த்துத் தாமே விலை பெற விரும்புகிறார்.

வேலைச் செலவும் எளிதில் பிடிபடாது. எஞ்சின் பெரிய கவலையன்று. டாக்ஸிகளின் புண்ணியத்தில் அந்த 1,089 சிசி எஞ்சினை அறிந்த கைகள் இன்னும் இருக்கின்றன. அஞ்ச வேண்டியது உடற்கூட்டை. பத்மினிக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. தரைத்தகடும் கதவடிப் பகுதியும் சேர்ந்தே வண்டியைத் தாங்குகின்றன. அங்கே துரு அரித்திருந்தால் கெட்டது அழகன்று, எலும்பு. (ஸ்டாண்டர்டு ஹெரால்டு இதில் சற்றுத் தேவலாம், அதற்குத் தனிச் சேசிஸ் உண்டு.) பெயிண்ட்டைச் சுரண்டிப் பார்த்த பிறகே டிங்கர் உண்மையான தொகையைச் சொல்ல முடியும்.

அடுத்தது ஆவணங்கள். உரிமையாளர் காலமாகி, வாரிசுகள் பெயர் மாற்றாமலே விட்ட வண்டிகள் பல. என்றோ அடைத்த கடனுக்கான ஹைப்பாதிகேஷன் குறிப்பு ஆர்.சி.யில் நீக்கப்படாமல் நிற்பதும் உண்டு. கடன் கொடுத்த நிறுவனத்தின் தடையின்மைச் சான்று இல்லாமல் அது நீங்காது. ‘விண்டேஜ்’ என்ற சொல்லிலும் கவனம் தேவை. 2021-இல் வந்த மத்திய விதிகளின்படி, 50 ஆண்டு கடந்து, மூல வடிவம் மாறாத வண்டிக்கே அந்தத் தகுதி. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அன்றாடப் பயணத்துக்கு அதை ஓட்டவும் இயலாது. 1980-களின் பத்மினி இன்னும் அந்த வரம்பை எட்டவில்லை.

வங்கிகள் வண்டியின் வயதைப் பார்த்தே வாகனக் கடன் வழங்குவதால், இத்தகைய வண்டிக்கு அது கிடைப்பது அரிது. அதற்காகத் தனிநபர் கடன் எடுப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். தாத்தா ஓட்டிய காரைப் பேரன் மீட்பது வேறு. அங்கே லாபநட்டம் பேசுவது அநாகரிகம்.

விற்பவருக்கும் ஒரு சொல். அதிக விலை சொல்லிக் காத்திருக்கும் ஒவ்வொரு மழைக்காலமும் தரைத்தகட்டில் இன்னொரு துளையைப் போடுகிறது. விலை சொல்லும் முன் ஒரு டிங்கரை அழைத்து வண்டியின் அடிப்பகுதியைக் காட்டி, மதிப்பீட்டை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க வருபவரிடம் அந்தத் தாளையும் காட்டுங்கள்.