தரவரிசையும் தராசும்: கிப்லி கலையகத் திரைப்படங்களை முன்வைத்து

கலைப்படைப்புக்களை மேலும் கீழுமாக அடுக்கிக் காட்டுதல் விமர்சனமாகாது எனக் கூறுவோர் உளர். அக்கூற்றில் ஓரளவு உண்மையுண்டு. எனினும் ஒரு நூலைப் பாடவிதானத்திற் சேர்ப்பவரும், ஒன்றை விடுத்து இன்னொன்றை மாணவருக்கு விதந்துரைப்பவரும் ஏதோவொரு தரவரிசையை மனத்திற் கொண்டே அதனைச் செய்கின்றனர். வரிசைப்படுத்துதல் குற்றமன்று, எந்த அளவுகோல் கொண்டு வரிசைப்படுத்தப்படுகிறது என்பதை மறைத்தலே குற்றம். யப்பானின் கிப்லி கலையகம் உருவாக்கிய சித்திரத் திரைப்படங்களை இழிந்தது முதல் உயர்ந்தது வரை நிரல்படுத்தி வெளிவரும் பட்டியல்களிற் பெரும்பாலானவை இக்குற்றத்துக்கு உரியன.

1985 இல் ஹயாஓ மியசாக்கி, இசாஓ தக்காஹாதா, தொஷியோ சுசுக்கி ஆகியோர் தொக்குமா பதிப்பகத்தின் ஆதரவோடு நிறுவிய இக்கலையகம் இருபதுக்கு மேற்பட்ட முழுநீளப் படங்களைத் தந்துள்ளது. பட்டியல்களின் அடியிற் பெரும்பாலும் 'இயர்விக்கும் சூனியக்காரியும்' (2020) கிடக்கும். முடியில் 'ஸ்பிரிட்டட் அவே' (2001) வீற்றிருக்கும். இடையிலே தக்காஹாதாவின் படங்கள், 'மின்மினிகளின் கல்லறை' நீங்கலாக, இடம் போதாத வீட்டில் விருந்தாளிகளை அமர்த்துவது போல ஆங்காங்கே செருகப்பட்டிருக்கும். காரணம் வினவின், அவை மெதுவாக நகர்கின்றன என்றும் அவற்றில் மாயவுலகம் இல்லை என்றும் விடை வரும். பார்வையாளனின் பொறுமையின்மை எப்போது கலையின் அளவுகோலாயிற்று?

'ஸ்பிரிட்டட் அவே' யப்பானிய அரங்குகளில் 3,000 கோடி யென்னுக்கு மேல் ஈட்டியது; 2002 இற் பேர்லின் விழாவின் தங்கக் கரடியையும் 2003 இல் ஒஸ்கார் விருதையும் பெற்றது. இவை உண்மைகளே. ஆயின் இவற்றைச் சொல்லி அதன் முதலிடத்தை நிறுவ முயல்வோர் விமர்சனத்தை விடுத்துக் கணக்கேட்டினைப் புரட்டுகின்றனர். அக்கணக்கேட்டின்படி 1999 இல் வெளிவந்த 'எமது அயலவர் யமதாக்கள்' தோல்வியே. ஒரு குடும்பத்தின் அன்றாடத்தைச் சில தூரிகைக் கீற்றுக்களாற் பிடித்த அப்படத்தின் துணிவைக் கணக்கேடு அறியாது.

வேறோர் அளவுகோலை முன்வைக்கலாம். இப்படங்கள் அனைத்தும் அழகானவை. பெரும்பாலானவை ஆறுதலும் தருபவை. அந்த அழகுக்கும் ஆறுதலுக்கும் விலை கொடுப்போர் எவர் என்பதைப் படம் அறிந்திருக்கிறதா என வினவுதல் வேண்டும்.

இவ்வினாவை எழுப்பினால் பட்டியலின் அடிப்பகுதி அதிகம் மாறுவதில்லை. 'இயர்விக்கும் சூனியக்காரியும்' கணினி கொண்டு வார்க்கப்பட்டது. அதன் பாத்திரங்கள் ஞெகிழிப் பொம்மைகளைப் போன்று உயிரற்றவை என்ற குறை நியாயமானதே. அதன் மேலுள்ள 'ஏர்த்சீயின் கதைகள்' (2006) மகன் தந்தையைக் கொல்வதோடு தொடங்குகிறது. அக்கொலையின் காரணத்தையோ பாரத்தையோ படம் இறுதிவரை சுமக்கவில்லை. தீமையை ஒரு தீயோனிடம் ஒப்படைத்து அவனை அழித்தலால் யாவும் தீர்ந்ததாகக் காட்டியதை மூலநூலாசிரியர் ஊர்சுலா லே குவின் தாமே கடிந்தார். 'பூனை திரும்புகிறது' (2002) முதலியவை இனிய பொழுதுபோக்குக்கள். அவை கூடுதலாக எதையும் உரிமை கோராமையால் அவற்றோடு வழக்கில்லை.

வழக்கு 'ஹௌலின் நகரும் கோட்டை' (2004) தொடர்பிலேயே எழுகிறது. பட்டியல்கள் பல இதனை முதல் ஐந்தினுள் வைக்கின்றன. ஈராக் போரினால் மனங்கொதித்திருந்த மியசாக்கி இதனை உருவாக்கினார் என்பது உண்மை. ஆனாற் படத்தினுள் நிகழும் போர் எவருக்கிடையே, எதன்பொருட்டு நிகழ்கிறது என்பது தெளிவாவதேயில்லை. நகரங்கள் எரிகின்றன, எரியும் நகரத்தில் இருந்தோர் யாவர் என்று படம் திரும்பிப் பார்ப்பதில்லை. இறுதியில் அரசவைச் சூனியக்காரி இம்மூடப் போரை முடித்துவிடுவோம் என்கிறாள், அத்தோடு சரி. போர் பின்னணித் திரையாகவும் காதல் முன்னணியாகவும் அமைந்த இப்படைப்பினை முதல் ஐந்தில் வைப்பதற்குக் கோட்டையின் அழகு ஒன்றே காரணம்.

'காற்று எழுகிறது' (2013) இதனினும் நேர்மையானது. ஆதலாற் கூடுதலான கண்டனத்துக்கும் உரியது. ஸீரோ போர்விமானத்தை வடிவமைத்த ஹொரிகோஷியின் கதையான இது, அவ்விமானங்களில் ஒன்றும் மீளவில்லை என்பதைச் சொல்கிறது. அவை எவர்மீது குண்டு பொழிந்தன என்பதைச் சொல்லவில்லை. காசநோயாற் கிடக்கும் மனைவியின் கையை ஒரு கையாற் பற்றியவாறே கணவன் மறுகையால் வரைபடம் தீட்டுகிறான். அவளருகிலேயே புகையும் பிடிக்கிறான். அழகிய இயந்திரம் ஒன்றுக்காக அயலார் தரும் விலை அக்காட்சியிற் கணநேரம் புலப்பட்டு மறைகிறது. 'சிறுவனும் கொக்கும்' (2023) இவ்வகையில் ஒருபடி மேலானது: விமான உதிரிப்பாக ஆலையை நடத்தும் தந்தையின் வளத்தில் வாழும் சிறுவனை அது அந்த நிலையிலேயே காட்டுகிறது. மியசாக்கியின் சொந்தக் குடும்பமும் அத்தகைய ஆலையையே நடத்தியது.

'ஸ்பிரிட்டட் அவே' நான்காமிடத்துக்கு உரியது. பெற்றோர் பன்றிகளாகிவிட, சிறுமி சிஹிரோ தெய்வங்களின் குளிப்பகத்தில் வேலை கேட்டு நிற்கிறாள். உரிமைக்காரி யுபாபா அவளது பெயரையே பறித்துக்கொள்கிறாள். கூலியுழைப்பு மனிதனிடமிருந்து எதனைக் கவர்கிறது என்பதற்கு இதனினும் செறிவான படிமம் சித்திரத் திரையில் அரிது. எனினும் முடிவிற் சிஹிரோ மட்டுமே வெளியேறுகிறாள். அவளுக்கு வேலை பழக்கிய லின் அங்கேயே நிற்கிறாள். குளிப்பகம் வழமைபோல் இயங்குகிறது. மீண்ட ஒருத்திக்காக மகிழுமாறு படம் அழைக்கிறது; எஞ்சியோரைப் பற்றி அது வினவுவதில்லை.

'இளவரசி மொனொனொக்கே' (1997) அவ்வாறு தப்பவில்லை. காட்டை அழித்து இரும்பு உருக்கும் எபோஷியே ஒதுக்கப்பட்ட தொழுநோயாளருக்கும் விற்கப்பட்ட பெண்களுக்கும் வாழ்வளிக்கிறாள். காட்டின் பக்கமும் நியாயம், உலையின் பக்கமும் நியாயம். இரண்டும் குருதி சிந்துகின்றன. இதற்கு மூன்றாமிடம்.

இரண்டாமிடத்தில் இரு படங்களைச் சேர்த்தே வைத்தல் வேண்டும். 'எனது அயலவர் டொட்டோரோ'வும் 'மின்மினிகளின் கல்லறை'யும் 1988 ஏப்பிரல் 16 இல் ஒரே நிகழ்ச்சியாகத் திரையிடப்பட்டன. ஒன்றிற் தாய் மருத்துவமனையில் இருக்கிறாள், அயல் முழுவதும் குழந்தையைத் தேடுகிறது. மற்றதிற் தாய் குண்டுவீச்சில் மடிகிறாள், அயல் இரு குழந்தைகளையும் கைவிடுகிறது. ஒன்பது வயதில் ஒக்காயாமா நகரத்துக் குண்டுவீச்சுக்குத் தப்பியவரான தக்காஹாதா தமது படத்தைப் போரெதிர்ப்புப் படம் என அழைப்பதை ஏற்கவில்லை. சமூகத்திலிருந்து தன்னைத் துண்டித்துக்கொண்ட சிறுவன் செய்தாவின் பெருமிதமும் தங்கையின் சாவுக்குக் காரணமாகிறது என்பதை மறைக்க அவர் விரும்பவில்லை. ஒன்றை ஒன்று நோக்கும் இவ்விரண்டையும் பிரித்து, ஒன்றை மூன்றென்றும் மற்றதை ஏழென்றும் எண்ணிடுவோர் இரண்டையும் பார்த்தவராகார்.

முதலிடத்துக்கு இருவேறு கருத்து எழலாம். 'இளவரசி ககுயாவின் கதை' (2013) அதற்குத் தகுதியற்றதன்று; பட்டாடைகளை உதறிவிட்டு அவள் தலைநகரை விட்டோடும் காட்சியிற் கோடுகளே சினங்கொண்டு கிழிகின்றன. ஆயினும் முதலிடம் 'நேற்று மட்டுமே' (1991) என்ற படத்துக்கே உரியது. இத்தீர்ப்பினைக் கேட்டுச் சிரிப்போர் ஒன்றை மனங்கொள்ளுதல் நன்று: அமெரிக்கத் திரையரங்குகளில் இப்படம் முறையாக வெளியானது 2016 இலேயே. பிற நாட்டார் வழிமொழியும் ஆங்கிலப் பட்டியல்களிற் பல அதற்குமுன் உறைந்துவிட்டவை. விநியோகத்தரின் களஞ்சியத்தில் இல்லாதிருந்தது விமர்சகரின் நினைவிலும் இல்லாதுபோயிற்று.

டோக்கியோவில் அலுவலகப் பணிபுரியும் இருபத்தேழு வயதுத் தயெகோ, விடுமுறையில் யமகதாவின் வயல்களிற் குசும்பப்பூக் கொய்யச் செல்கிறாள். முள் இளகியிருக்கும் பொருட்டுப் பனி உலருமுன் கொய்தல் வேண்டும். முன்னாளில் விரல்களிற் குருதி கசியப் பூக்கொய்த பெண்கள், அப்பூவின் செஞ்சாயத்தைத் தம் உதட்டில் ஒருநாளும் பூசியதில்லை என்பதை அவள் நினைவுகூர்கிறாள். நாட்டுப்புறத்தின் இயற்கையழகை அவள் வியந்தபோது உழவனான தொஷியோ அமைதியாகத் திருத்துகிறான்: காடும் ஓடையும் வயலும் உழவர் தலைமுறை தலைமுறையாய் இயற்கையோடு பொருதியும் இணங்கியும் ஆக்கியவை. கிப்லி படங்களின் பச்சை வெளிகளைக் கண்டு மயங்கும் பார்வையாளனுக்குக் கிப்லியின் உள்ளிருந்தே வந்த மறுமொழி இது.

இக்கதையை நடிகரைக் கொண்டே எடுத்திருக்கலாம், சித்திரம் எதற்கு என்பது பட்டியலாரின் இறுதி வாதம். 1966 இன் சிறுபராயக் காட்சிகள் ஓரங்கள் வெளிறி, தாளின் வெண்மையிற் கரைகின்றன. நிகழ்காலமோ ஒவ்வோர் இலையோடும் வரையப்பட்டுள்ளது. நினைவும் வாழ்வும் வேறுபடும் விதத்தை நடிகரின் முகம் எங்ஙனம் காட்டும்? மேலும், குரல்களை முன்னரே ஒலிப்பதிவு செய்து, பேசுவோரின் முகத்தசை அசைவைப் பின்பற்றித் தயெகோவின் முகம் தீட்டப்பட்டது. அவள் சிரிக்கையிற் கன்னத்தில் விழும் கோடுகள் அழகைக் கெடுப்பதாகவும் அவளை முதியவளாக்குவதாகவும் குறை கூறப்படுகிறது. விடியலில் எழுந்து வயலில் வளைந்து நின்ற ஒருத்தியின் கன்னத்துக் கோடுகள் அவை.