‘என் லேப்டாப்ல ஓடுதே!’: டெவலப்பர் – ஆப்பரேஷன்ஸ் சண்டையில் தூக்கம் போவது யாருக்கு?

வெள்ளிக்கிழமை மாலை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏதோ ஒரு ஐ.டி. அலுவலகம். டெவலப்பர் டீம் புது வெர்ஷனை ரிலீஸ் செய்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புகிறது. ராத்திரி 2 மணிக்கு சர்வர் படுத்துவிடுகிறது. போன் அடிப்பது நைட் ஷிஃப்ட்டில் இருக்கும் ஆப்பரேஷன்ஸ் ஊழியருக்கு. “உங்க கோடுலதான் பிரச்சினை” என்கிறார் இவர். “என் லேப்டாப்ல நல்லா ஓடுதே” என்கிறார் அவர். ஐ.டி.யில் இருக்கும் பலருக்கும் பழகிப்போன காட்சிதான்.

ஏன் இந்தச் சண்டை?

ஆட்கள் மீது தப்பில்லை. அப்ரைசல் முறையில்தான் கோளாறு. புது வசதிகளை வேகமாகக் கொடுத்தால் டெவலப்பருக்குப் பாராட்டு. சிஸ்டம் நிற்காமல் ஓடினால் ஆப்பரேஷன்ஸுக்குப் பாராட்டு. ஒருவருக்கு மாற்றம்தான் வேலை. இன்னொருவருக்கு மாற்றம் என்றாலே பயம்.

45 நிமிடத்தில் 44 கோடி டாலர்

இதன் விலை என்ன? 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனமான நைட் கேப்பிட்டலுக்கு நடந்ததைப் பாருங்கள். புது மென்பொருளை 8 சர்வர்களில் ஏற்ற வேண்டும். ஒன்று விட்டுப்போனது. ஏற்றியவரின் வேலையை இரண்டாவது ஆள் சரிபார்க்கவில்லை. அந்த ஒரு சர்வரில் கிடந்த பழைய கோடு, சந்தை திறந்ததும் தாறுமாறாக ஆர்டர் போட்டது. சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம்.

அதைவிடக் கொடுமை, சந்தை திறக்கும் முன்பே சிஸ்டம் 97 எச்சரிக்கை மெயில்களை அனுப்பியிருந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை. அடுத்த ஆண்டே நிறுவனம் இன்னொன்றோடு இணைக்கப்பட்டது.

டெவ்ஆப்ஸ் என்றால்?

2009-ல் பெல்ஜியத்தில் பேட்ரிக் டெபுவா நடத்திய மாநாட்டிலிருந்து பரவிய பெயர் இது. அது ஒரு டூல் அல்ல, புதுப் பதவியும் அல்ல. கோடு எழுதுபவரும் அதை ஓட்டுபவரும் ஒரே டீமாகப் பொறுப்பேற்பது. சின்னச் சின்னதாக ரிலீஸ், தானியங்கி டெஸ்டிங், முதலில் கொஞ்சம் பேருக்கு மட்டும் அப்டேட் என எல்லாமே அதற்கான வழிகள்தான். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக்கின் ஒரு தவறான அப்டேட் படிப்படியாகப் போகாமல் மொத்தமாகப் போனதில், உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் முடங்கின. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

இங்கே என்ன செய்யலாம்?

பல நிறுவனங்கள் ‘டெவ்ஆப்ஸ் இன்ஜினீயர்’ என்று போர்டை மட்டும் மாற்றிவிட்டு, பழைய நைட் ஷிஃப்ட் சுமையை அதே ஆளின் தலையில் வைக்கின்றன. இது மாற வேண்டும். ராத்திரி வரும் போனை இரண்டு தரப்பும் முறை வைத்து எடுக்கட்டும். எடுப்பவருக்கு அலவன்ஸும் மறுநாள் ஓய்வும் கிடைக்கட்டும். தன் கோடு விழுந்தால் தன் தூக்கமும் போகும் என்று தெரிந்தால், வெள்ளிக்கிழமை மாலை ரிலீஸ் தானாகவே குறையும்.

2024 நவம்பரில் பட்டாபிராமில் 21 மாடி டைடல் பார்க் திறந்தாயிற்று. ஆவடி, பூந்தமல்லி பக்கத்துப் பிள்ளைகள் இனி வீட்டுக்குப் பக்கத்திலேயே இன்டர்வியூவுக்குப் போகலாம். போகும்போது சம்பளத்தோடு இதையும் கேளுங்கள்: “ராத்திரி சர்வர் விழுந்தா, கோடு எழுதினவரும் போனை எடுப்பாரா?”